ஒரே ரிமோட்டுக்கு ஓடிய இரண்டு கார்கள்

போன வருஷம் மகளுக்கு ஏழு வயது முடிந்த மறுநாள் சாயங்காலம். தண்டையார்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் அவள் தன் புது ரிமோட் காரை இறக்கினாள். எதிர் போர்ஷன் பையனும் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வந்தான். நிறம்தான் வேறு, மற்றபடி இரண்டும் ஒரே அச்சு. இவள் முன்னால் போகிற பட்டனை அழுத்தினாள். இரண்டு காரும் கிளம்பின. அவன் திருப்பினான், இரண்டும் திரும்பின. முதல் ஐந்து நிமிஷம் ஒரே சிரிப்பு. அப்புறம் "என் காரை நீ ஏன்டா ஓட்டுற?" என்று ஆரம்பித்து, ரிமோட்டாலேயே அடித்துக்கொள்ளும் அளவுக்குப் போய், இரண்டு வீட்டு அம்மாக்களும் மாடியேறி வரவேண்டியதாயிற்று.

அந்தக் காரை வாங்கியது நான்தான். பாரிமுனையில் சரக்கு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் எனக்கு வேலை. பீச் ஸ்டேஷனுக்கு நடக்கிற வழியில் ஒரு நடைபாதைக் கடை. பெட்டியில் கார் தலைகீழாகப் பல்டி அடிக்கிற படம், சுற்றிலும் நெருப்பு. கடைக்காரர் "பையனுக்கா சார்?" என்றார். பொண்ணுக்கு என்றதும் அவர் கை தானாகச் சமையல் செட்டு இருக்கிற பக்கம் போனது. அவரைத் திருத்துகிற மும்முரத்திலும், 450 சொன்னதை 380-க்குக் கொண்டுவந்த பெருமையிலும் பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதில் எனக்கு வெட்கமாக இருக்கிற விஷயம் வேறு. பொம்மை இறக்குமதி என் ஆபீஸ் சமாச்சாரம். சுங்க வரிப் பட்டியலில் பொம்மைக்குரிய 9503 என்ற தலைப்பு எண்ணைப் போட்டு நாங்களே பில் தயார் செய்கிறோம். 2020-இல் பொம்மைக்குச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனதும், 2023-இல் 70 ஆனதும் எனக்கு மனப்பாடம். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்று வாடிக்கையாளர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். சொந்த மகளுக்கு வாங்கும்போது மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பெட்டியில் முத்திரையும் இல்லை, தயாரித்தவர் முகவரியும் இல்லை.

எங்கள் வீட்டுக்குக் கீழே செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பியிடம் காரைக் காட்டினேன். கையில் வாங்கியவன் காரைப் பார்க்கவே இல்லை, ரிமோட்டைத்தான் பார்த்தான்.

"இன்னாண்ணா இது, ஆண்டனாவ இழுத்து நீட்டுற ரிமோட்டு? இது 27 மெகாஹெர்ட்ஸ். அந்தப் பையனோடதும் அதான் இருக்கும். இவ அமுத்துனா அதுவும் ஓடும், அவன் அமுத்துனா இதுவும் ஓடும். ஒண்ணும் பண்ண முடியாது."

விலை குறைந்த பழைய ரக ரிமோட் கார்கள் 27 அல்லது 49 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசையில் ஓடுபவை. ஒரே மாதிரி சர்க்யூட் போர்டு போட்டுச் செய்த கார்களுக்கு எது தன் ரிமோட், எது அடுத்தவன் ரிமோட் என்று தெரியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும் கார் அப்படி இல்லை. ஆன் செய்தவுடன் காரும் அதன் ரிமோட்டும் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொள்ளும். அதன் பிறகு பக்கத்தில் பத்து கார் ஓடினாலும் குழப்பம் வராது. ஒரு தெருவில் ஒரு வீட்டில் கார் வந்தால் ஒரு மாதத்துக்குள் நாலு வீட்டில் வந்துவிடுகிற எங்கள் ஏரியாவில் இது ஆடம்பரம் இல்லை.

அந்த 380 ரூபாய்க் காருக்கு வயிற்றில் மூன்று செல், ரிமோட்டில் இரண்டு செல். சனி, ஞாயிறு ஓட்டினால் திங்கள்கிழமை காரின் செல் மூன்றும் காலி. இரண்டு மாதத்தில் செல்லுக்குக் கொடுத்த காசு காரின் விலையைத் தாண்டியது. அப்புறம் ஒருநாள் அது மாடிப்படியில் உருண்டு விழுந்து முன் அச்சு முறிந்தது. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான்.

இரண்டாவது காருக்கு அவசரப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் பார்த்தது காரை இல்லை, வீட்டை. இது எங்கே ஓடப்போகிறது? ஹால் பத்துக்குப் பதினொன்று. அதில் ஒரு கட்டில், பீரோ, அம்மாவின் நாற்காலி. மிச்சம் இருக்கிற டைல்ஸ் தரை ஒரு பாய் விரிக்கிற அளவு. தெரு என்றால் தண்ணி லாரி, மீன்பாடி வண்டி, ஆட்டோ, ஓரத்தில் மூடி பெயர்ந்த கால்வாய். மாடி பெரிசு, ஆனால் பழைய காலத்துத் தட்டோடு பதித்த தரை. இணைப்பு வரிசைகள் எல்லாம் பல் இளித்துக்கொண்டு நிற்கும்.

இந்த மூன்று தரையையும் மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதிப் பெட்டிகள் தாமாகவே விலகிவிடுகின்றன. ஒன்றரை அடி நீள ராட்சச சக்கர வண்டி எங்கள் ஹாலில் திரும்பவே முடியாது. தரையோடு தரையாக ஓடும் ரேஸ் கார் தட்டோட்டில் வயிறு தட்டி நின்றுவிடும். ஒரு சாண் நீளத்தில், உடம்பைவிடச் சக்கரம் பெரிதாக, தலைகீழாக விழுந்தாலும் அப்படியே ஓடுகிற இருபக்க ஸ்டன்ட் கார்தான் எங்களுக்கு ஒத்துவரும் என்று முடிவானது. கவிழ்ந்த காரை நிமிர்த்த "அப்பா" என்று நிமிஷத்துக்கொருமுறை கூப்பிட வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம், மறைப்பானேன்.

இந்த வகைக் கார் எப்படித் திரும்புகிறது என்று தெரிந்துகொண்டால் அதன் பலவீனமும் தெரிந்துவிடும். நிஜக் கார் போல இதில் முன்சக்கரம் திரும்பாது. இடது பக்கச் சக்கரம் இரண்டுக்கும் ஒரு மோட்டார், வலது பக்கம் இரண்டுக்கும் ஒரு மோட்டார். ஒரு பக்கம் முன்னாலும் மறுபக்கம் பின்னாலும் சுற்றினால் வண்டி நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுழலும். அப்படிச் சுழல வேண்டும் என்றால் நான்கு சக்கரமும் தரையில் வழுக்கியாக வேண்டும். டைல்ஸில் வெண்ணெயில் கத்தி மாதிரி சுற்றும். கால்மிதியில் ஏறினால் உறுமிக்கொண்டு நிற்கும். தட்டோட்டில் சுற்றும், ஆனால் மோட்டார் சுடும், டயர் தேயும், சார்ஜும் சீக்கிரம் இறங்கும். எங்கள் கார் ஹாலில் இருபது நிமிஷம் ஓடும். மாடியில் பன்னிரண்டு நிமிஷம்தான். பெட்டியில் இருக்கிற 360 டிகிரி சுழற்சிப் படம் எந்தத் தரையில் எடுத்தது என்று யாரும் போடுவதில்லை.

அந்த இருபது நிமிஷத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் அழுகை வருவது இங்கேதான். இந்தக் கார்களில் பெரும்பாலும் 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி, 500 மில்லி ஆம்ப் ஹவர். இரண்டு மோட்டாரும் சேர்ந்து ஒன்றரை ஆம்பியர், அதாவது 1500 மில்லி ஆம்பியர் இழுத்தால் 500-ஐ 1500-ஆல் வகுக்க வேண்டியதுதான். ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு, இருபது நிமிஷம். சார்ஜ் ஏற ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி. குழந்தைக்கு இந்தக் கணக்கை வாங்குகிற அன்றே சொல்லிவிட வேண்டும். நான் சொல்லவில்லை. முதல் நாள் கார் நின்றதும் கெட்டுப்போய்விட்டது என்று அவள் தேம்பித் தேம்பி அழுதாள். பெட்டியில் நாற்பது நிமிஷம் என்று போட்டிருந்தால் உள்ளே இரண்டு பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள், கூட்டிப் போட்டிருப்பார்கள்.

கூடுதலாக ஒரு பேட்டரி வாங்கி வைப்பது நல்லது. ஆனால் கழற்றி மாட்டுகிற மாதிரி பேட்டரி இருக்கிற காராக வாங்க வேண்டும். சில கார்களில் பேட்டரியைப் போர்டோடு பற்றவைத்து மூடிவிடுகிறார்கள். ஒரு வருஷத்தில் பேட்டரி செத்தால் காரே செத்த மாதிரி. கடையிலேயே அடிப்பக்கத்தைத் திருப்பி ஒரு சின்ன மூடியும் அதில் ஸ்க்ரூவும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கூடுதல் பேட்டரிக்கு நான் எலக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு பாடம். பழைய பேட்டரியைக் கையில் கொண்டுபோனதால் பிழைத்தேன். கடைக்காரர் எடுத்துத் தந்ததில் ஒயரை மாட்டுகிற முனை அச்சு அசலாக அதேதான், உள்ளே பச்சென்று உட்கார்ந்தது. பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருந்தன. அப்படியே மாட்டியிருந்தால் போர்டு புகைந்திருக்கும். அவர் "அட, ஆமாம்ல" என்று சொல்லி வேறு எடுத்துத் தந்தார். இன்னொன்றும் உண்டு. இந்தக் கார்கள் சிலவற்றில் வருகிற, 14500 என்று போட்ட லித்தியம் செல், சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் செல்லின் அளவிலேயே இருக்கும். 14 மில்லிமீட்டர் குறுக்களவு, 50 மில்லிமீட்டர் நீளம். ஆனால் இது 3.7 வோல்ட், கடிகாரச் செல் 1.5 வோல்ட். வீட்டில் யாராவது ஞாபகமறதியாக அதை எடுத்து ரிமோட்டிலோ கடிகாரத்திலோ போட்டுவிட்டால் அந்தச் சாமான் அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அவை தனி டப்பாவில், பீரோவுக்கு மேலே.

சார்ஜ் போடுவதில் நான் கறார். ஓடி முடித்த கார் தொட்டால் சூடாக இருக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் யுஎஸ்பி ஒயரில் மாட்டுவோம். பழைய போனோடு வந்த 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜர் போதும். கட்டில் மேல் வைத்துச் சார்ஜ் போடுவது கிடையாது, தரையில்தான். ராத்திரி தூங்கும்போதும் கிடையாது. பேட்டரி லேசாக உப்பினாலும் தூக்கிப் போட வேண்டியதுதான், அதுவும் குப்பைத் தொட்டியில் இல்லை, மின்கழிவு வாங்குகிறவரிடம்.

சரி, கார் வாங்கிய கதைக்கு வருகிறேன். இந்த முறை ஈவ்னிங் பஜாரில் நாலு கடை ஏறி இறங்கினேன். எனக்கு ஒரே ஒரு நிபந்தனை: பெட்டியைப் பிரித்து, பேட்டரி போட்டு, தரையில் ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டு கடையில் முடியாது என்றார்கள், கும்பிட்டு நகர்ந்தேன். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர், "ஓட்டிப் பாருப்பா, காசு குடுக்கிறவன் நீதான" என்று தானே குனிந்து வைத்தார். முன்னால் விட்டால் ஒரு பக்கமாக இழுக்காமல் நேராகப் போகிறதா, சக்கரம் ஆடுகிறதா, பல்சக்கரத்தில் கரகர சத்தம் வருகிறதா என்று பார்த்தேன். மகள் வேறொன்றைப் பார்த்தாள். ரிமோட்டின் இரண்டு குச்சிக்கும் அவள் கட்டை விரல் எட்டவில்லை. அதே கார், சின்ன ரிமோட்டோடு இன்னொரு பெட்டியில் இருந்தது. அதை எடுத்தோம். 950 ரூபாய்.

கையில் வாட்ச் மாதிரி கட்டிக்கொண்டு, கையை அசைத்தால் ஓடுகிற கார் ஒன்றும் அங்கே இருந்தது. மகளுக்கு அதன் மேல் ஒரு கண். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் குறிப்பிட்ட வாட்ச்சுக்குள் பட்டன் மாதிரி வட்டமான சின்ன பட்டன் செல், மூடியில் ஸ்க்ரூ கிடையாது, நகத்தாலேயே திறக்க வந்தது. வீட்டில் இரண்டு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். கீழே கிடப்பது எதுவும் அவன் வாய்க்குத் தப்பாது. பட்டன் செல் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே வாழைப்பழம், சோற்று உருண்டை என்று வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பெரிய பிள்ளைக்கு வாங்குகிற பொம்மை சின்னப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் வீட்டுக்குள் வருகிறது.

இந்தத் தடவை முத்திரையைப் பார்த்தேன். ஐஎஸ்ஐ குறியின் தலைக்கு மேல் ஐஎஸ் 15644 என்று இருந்தால் மின்சாரத்தில் அல்லது பேட்டரியில் ஓடும் பொம்மைக்கான தரம். 9873 என்பது பேட்டரி இல்லாத பொம்மைக்கு. கீழே உரிம எண் இருக்கும். முத்திரை கொடுக்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணை அடித்தால் யாருக்கு எந்தச் சாமானுக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டும். கடை வாசலிலேயே நின்று பார்த்தேன். ஒரு நிமிஷ வேலை.

ஓட்டப் பழகுவதில் ஒரே ஒரு சிக்கல். கார் நம்மைவிட்டுத் தள்ளிப் போகும்போது இடம் இடமாக, வலம் வலமாக இருக்கும். நம்மைப் பார்த்துத் திரும்பி வரும்போது எல்லாம் மாறிவிடும். பிள்ளைகள் குழம்பி, ரிமோட் கெட்டுவிட்டது என்பார்கள். கார் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே நீயும் திரும்பி நில் என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு நாள் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு தானும் சுற்றிச் சுற்றி ஆடினாள். மூன்றாம் நாள் அது தேவைப்படவில்லை.

பாட்டுச் சத்தத்தைக் கடையில் கவனிக்கத் தவறினேன். ஆன் செய்தால் பாட்டு, ஓடினால் பாட்டு, நிறுத்த பட்டனே கிடையாது. அம்மாவின் சீரியல் நேரத்தில் "எம்மா, அத்த நிறுத்திட்டு மாடிக்குப் போம்மா" என்பது தினசரி வசனமாகிவிட்டது. கடைசியில் கீழ்க்கடைத் தம்பிதான் ஸ்பீக்கருக்குப் போகிற ஒயர் ஒன்றைப் பிடுங்கிவிட்டு முடித்தான்.

மூன்றாவது மாதம் கார் ஒரு பக்கமாகவே இழுக்க ஆரம்பித்தது. வலது பின்சக்கரம் முனகிற்று, கையால் சுற்றினால் கனமாக இருந்தது. மோட்டார் போய்விட்டது என்று நினைத்துச் சக்கரத்தைக் கழற்றினேன். அச்சும் உடம்பும் சேருகிற இடத்தில் கறுப்பாக ஒரு பந்து. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புருவம் எடுக்கிற சின்னக் கொறட்டால் பிய்த்தால் இழை இழையாக வந்தது: மனைவியின் முடி, மகளின் முடி, அதற்கடியில் பூ கட்டின வாழைநார், எல்லாவற்றுக்கும் அடியில் இறுகிப்போய் ரோஸ் கலரில் மாடியில் அறுந்து விழுந்த காத்தாடி நூல். நாரும் நூலும் அச்சில் பதிந்து பிளாஸ்டிக்கிலேயே பள்ளம் விழுந்திருந்தது. பிளேடு நுனியால் அறுத்து எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. மாஞ்சா நூலாக இருந்திருந்தால் என் விரலும் போயிருக்கும். தடை இருந்தும் சீசனில் எங்கள் மாடியில் அது வந்து விழத்தான் செய்கிறது. சக்கரத்தைத் திரும்ப மாட்டிச் சுற்றினால் பூப்போல ஓடியது. இப்போது பதினைந்து நாளைக்கு ஒருதடவை சக்கரம் கழற்றிப் பார்ப்பது வழக்கம். பூ கட்டுகிற நேரத்தில் ஹாலில் கார் ஓடக் கூடாது என்று மனைவி சட்டம் போட்டிருக்கிறாள்.

முடியை எடுத்துவிடலாம். மணலை எடுக்க முடியாது. காசிமேடு கடற்கரைக்கு ஒரு சாயங்காலம் காரையும் கொண்டுபோனது என் மடத்தனம். பெட்டியில் எல்லாத் தரையிலும் ஓடும் என்று போட்டிருந்தது. மணலில் ஓடத்தான் செய்தது, சக்கரம் மணலை வாரி இறைத்துக்கொண்டு, பார்க்கவே அழகு. வீட்டுக்கு வந்ததும் டக் டக் என்று ஒரு சத்தம். பல்சக்கரப் பெட்டிக்குள் மணல் போய், பிளாஸ்டிக் பல் ஒன்று மழுங்கியிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன், ஊதினேன், உள்ளே ஒட்டின மணல் அசையவில்லை. ஒரு வாரத்தில் பேட்டரி மாட்டுகிற இடத்து ஸ்பிரிங்கிலும் ஸ்க்ரூவிலும் துரு. உப்புக்காற்றுக்கு அது போதும். கீழ்க்கடைத் தம்பி வேறொரு செத்த காரிலிருந்து பல்சக்கரம் ஒன்றைக் கழற்றிப் போட்டுக் கொடுத்தான். அந்தச் செத்த கார் எது என்று பார்த்தால், மாடிப்படியில் உருண்ட எங்கள் 380 ரூபாய்க் கார்தான். பல்லின் அளவு பொருந்தியது அதிர்ஷ்டம்.

இந்த வருஷம் எதிர் போர்ஷன் பையனுக்கும் 2.4-இல் ஒரு கார் வந்துவிட்டது. அவன் அவசரத்தில் இரண்டு காரையும் இரண்டு ரிமோட்டையும் ஒரே நேரத்தில் ஆன் செய்ய, ஜோடி மாறிப்போய் அவன் ரிமோட்டுக்கு இவள் கார் ஓடியது. பழைய சண்டை திரும்பி வரப்போகிறது என்று படியில் கால் வைத்தேன். மேலே இவள் அதட்டிக்கொண்டிருந்தாள்: "எல்லாத்தையும் ஆஃப் பண்ணுடா. முதல்ல என் கார ஆன் பண்றேன், அப்புறம் என் ரிமோட்டு. லைட்டு நின்னுச்சா? இப்ப நீ பண்ணு."

நான் பாதிப் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.